உன் அம்மா போனை விட்டு வெளியே வந்து மூன்று மாதமாகிறது

அன்பு மகனுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பத்து வருடத்துக்கு முன்னால், செங்கலடிச் சந்தியில், உனக்கு முதல் போன் வாங்கிய கடையின் வாசலில் வெயிலுக்குள் நின்றுகொண்டு நாலு பேர் கேட்கச் சொன்னேன்: "இந்தச் சாமான் முதல்ல பொடியன்ட கண்ணத் திண்டிரும், மறுகா வாயத் திண்டிரும், கடைசியா ஆளையே திண்டிரும்." கடைக்காரத் தம்பி சிரித்தான். பஸ்ஸுக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவர் குடையைச் சுருக்கிவிட்டு, "சரியான பேச்சு" என்று தலையாட்டினார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டவன் என்று ஊர் சொல்லும். உண்மையில், இதற்கு மேல் இவன் படித்தால் வாத்திமாருக்கு இங்கே வேலை இருக்காது என்று தலைமை வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தார். அப்படிப்பட்டவன் சொன்ன சொல் பலிக்காமல் போகுமா? பலித்துவிட்டது. பலித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, மகன்.

ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு ஏன் கடிதம் என்று நீ கேட்க மாட்டாய். கேட்பதென்றால் தலையை நிமிர்த்த வேண்டும். ஆனாலும் சொல்கிறேன். வாயால் சொல்லிப் பார்த்தேன். என் வாய்க்கு யானை கட்டுப்படும். சித்தாண்டிப் பக்கம் வயல் வட்டைக்குள் இறங்கிய கொம்பனைத் தீவெட்டி இல்லாமல், வெடி இல்லாமல், வரம்பில் நின்று நியாயம் பேசியே காட்டுக்கு அனுப்பியவன் நான். யானை கேட்டது. நீ "ஓம் மாமா" என்றாய். அந்த "ஓம் மாமா" உன்னைக் கேட்காமலே உன் வாயிலிருந்து விழுகிறது என்று எனக்குச் சந்தேகம் வந்து, போன மாதம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். உன் பக்கத்தில் வந்து நின்று, "மகன், மாமி செத்துப்போனா" என்றேன். "ஓம் மாமா" என்றாய். மாமி அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்து, "ஆரு செத்த? நானா செத்த? நீங்க சாகிற காலத்தில என்னச் சாக்காட்டுறீங்களா?" என்று என்னைத்தான் திட்டினாள். அதற்கும் நீ தலையைத் தூக்கவில்லை. பெருவிரல் மட்டும் மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.

அதனால்தான் காகிதம். கம்பஸில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை பிழை திருத்தி, அழகாக எழுதித் தந்திருக்கிறாள். இதைப் பத்துப் பிரதி எடுத்து, ஒன்றைத் தேத்தண்ணிக் கடைச் சுவரிலும் ஒன்றை விவசாயிகள் கூட்டம் போடும் கொட்டில் பலகையிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். யாராவது ஒருவன் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவான். அப்போது வாசிப்பாய். வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்குக் காட்டுகிறீர்கள் என்று கோபம் வந்தால் நல்லது, கோபத்தோடு வந்து என் முகத்தைப் பார். முதலில் ஊருக்குக் காட்டியவன் நீ. சேற்றுக்குள் குனிந்து நின்ற என் தங்கச்சியை, உன்னைப் பெற்றவளை, பாட்டுப் போட்டு ஊருக்குக் காட்டியவன் நீ.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் பழைய கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். உன் அப்பா இல்லாமல் போன மறு வருடம் உன் அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. அவள் உன்னை என்னிடம்தான் விட்டுப் போனாள். எனக்குப் பிள்ளை இல்லை, நீதான் பிள்ளை. மாமா என்று கூப்பிட்டாலும் காய்ச்சலுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். சைக்கிள் ஓடப் பழக்கியவன் நான். நீ கணக்கில் கோட்டை விட்டபோது பள்ளிக்கூடத்துக்கு வந்து ஏச்சு வாங்கியவனும் நான்தான். அதனால் அப்பா எழுதுகிற கடிதத்தை நான் எழுதுகிறேன். எழுத எனக்கு உரிமை இருக்கிறது.

பத்து வருடமாக உன் அம்மா உனக்குப் போனுக்குள்தான் இருந்தாள். பின்னேரம் ஆறு மணிக்கு அவளுக்கு வேலைக்கு நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும். நீ விறாந்தைப் படியில் வந்து குந்துவாய். கையகலக் கண்ணாடிக்குள் அவள் முகம் வரும். "சாப்பிட்டியா மனே?" என்பாள். "நான் சாப்பிட்டன். நீ சாப்பிட்டியாம்மா?" என்பாய். பிறகு அந்த அரை மணி போக மிச்ச நேரமும் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாய். முதலில் அவள் கூப்பிடுவாளோ என்று. பிறகு சும்மா. பிறகு கேம். பிறகு இந்த ஆடிப் பாடி விழுந்தெழும்புகிற துண்டுப் படங்கள். நான் அதை அளந்து பார்க்கவில்லை. ஒரு நாள் திரும்பிப் பார்த்தபோது நீ இருபத்திமூன்று வயது ஆம்பிளையாக அதே படியில், அதே வளைந்த கழுத்தோடு குந்தியிருந்தாய். பாசிக்குடா ஹோட்டலில் வேலைக்கு விட்டேன். நாலாம் மாதம் திரும்பி வந்தாய். ஹோட்டலுக்கு வந்தவர்கள் கை தட்டிக் கூப்பிட்டது உனக்குக் கேட்கவில்லையாம். முதலாளியை ஒரு பிடி பிடிக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த மனிதர் ஒரு இளநீரைத் தந்து இருக்கச் சொல்லிவிட்டு, "ஐயா, நல்ல பொடியன்தான், ஆனா ஆள் இஞ்ச இல்லையே" என்றார். இளநீரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஒரு பிடி பிடிக்காமல் திரும்பிய நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் ஒரேயடியாக வந்துவிட்டாள். இனிப் போவதில்லை என்று சொல்லித்தான் வந்தாள். வந்து உன் முன்னால் இருந்தாள். நீ யாரைத் தேடி அந்தக் கண்ணாடிக்குள் போனாயோ, அவள் அதை விட்டு வெளியே வந்து, கையில் சோற்றுக் கோப்பையோடு நிற்கிறாள். நீ இன்னும் அதற்குள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இனி அதற்குள் யார் இருக்கிறார்கள், மகன்? இதைக் கேட்டுக் கேட்டு என் நாக்கு வறண்டுவிட்டது. வந்த இரண்டாம் கிழமை நான் கண்ணால் கண்டேன்: அவள் குசினியில் நின்று உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று முறை கூப்பிட்டாள். பிறகு தன் போனை எடுத்து, ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு, மெசேஜ் அடித்தாள். பத்தடி தூரத்தில் நீ அதைப் பார்த்துவிட்டு எழும்பி வந்தாய். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இது லேசு அண்ண" என்றாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எழும்பிப் போனேன். நாங்கள் மாடு விற்று இரண்டு வருடம்.

இனி வயல் விஷயம். அவளுடைய சீதன வயலை இத்தனை காலம் நான் செய்து வந்தேன். இந்தச் சிறுபோகம் தானே விதைக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். விதை நெல்லைத் தானே ஊறப் போட்டாள். தானே சாக்கில் கட்டி வைக்கோலால் மூடி முளைக்க வைத்தாள். விதைக்கிற அன்று காலையில் சாக்கை அவிழ்த்துவிட்டு, "அண்ண, இஞ்ச பாருங்க, பூனக் குட்டிட பல்லு மாதிரி" என்று கூப்பிட்டாள். பத்து வருடமாக வேறு யாருடைய உடுப்புகளையோ இஸ்திரி போட்டு மினுக்கிக் கொடுத்த கை, அந்த முளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. நான் மூன்று வருடம் வட்டைவிதானையாக இருந்து முழு வட்டைக்கும் தண்ணீர் முறை பிரித்துக் கொடுத்தவன். என் காலத்தில் ஒரு சண்டை வந்ததில்லை, வந்தாலும் நான் பார்த்த பார்வையில் மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், அவள் வீசிய வீச்சில் ஒரு மணி கூடியோ குறைந்தோ விழவில்லை.

முளைநெல் விதைத்த அன்று வயலில் தண்ணீர் நிற்கக் கூடாது. வேர் சேற்றைப் பிடிக்கும் வரை நிலம் ஈரமாக மட்டும் கிடக்க வேண்டும். இது இந்த ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்குப் பார்த்து மேல்வயல் போடியாருக்கு, அந்தப் பெரிய நிலக்காரருக்கு, தண்ணீர் முறை. அவருக்கு வாய்க்கால் நிறைந்து வரும்போது எங்கள் வக்கடையை, வரம்பில் தண்ணீர் புக வெட்டிவிட்ட அந்த வாயை, நெருக்கும். சேற்றால் அடைத்து மிதித்துவிட்டு உன்னை மருத மர நிழலில் இருத்தினேன். "மனே, கசிஞ்சா ரெண்டு கை சேறு அள்ளி வை. வேற ஒண்டும் செய்ய வேணாம். பாத்துக்கொண்டு இரி." "ஓம் மாமா." ரெண்டு கை சேறு. கப்பல் ஓட்டச் சொல்லவில்லை, காடு வெட்டச் சொல்லவில்லை. ரெண்டே ரெண்டு கை சேறு.

பிறகு போடியார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வக்கடை கரைகிறதைக் கண்டு அவர் மேல் வரம்பில் நின்று கத்தியிருக்கிறார்: "டேய் தம்பி! வக்கட உடையிதுடா! கண்ணக் கழட்டி வீட்ட வச்சிட்டா வந்த?" நீ நிமிராமலே அவருக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டினாயாம். "கை காட்டினான், மச்சான். பாத்திட்டானாக்கும் எண்டு நான் போயிற்றன்" என்றார் அவர். நானும் உன் அம்மாவும் மத்தியானச் சோற்றோடு வந்தபோது வயல் முழுதும் தண்ணீர். விதை எல்லாம் மிதந்து, கீழ் மூலையில் நுரை மாதிரி ஒதுங்கிக் கிடந்தது. நான் கத்தத் தொடங்கினேன். கோபம் வந்தால் என் சத்தம் வாவிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். அவள் கத்தவில்லை. சோற்றுக் கூடையை வரம்பில் வைத்தாள், சீலையைத் தூக்கிச் செருகினாள், மூலைக்குள் இறங்கி இரண்டு கையாலும் முளையை அள்ளத் தொடங்கினாள். அப்போதுதான் நீ எழும்பினாய். சரி, பொடியன் இறங்கப்போகிறான் என்று நான் வாயை மூடினேன். நீ போனைத் தூக்கிப் பிடித்தாய்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் போன் தன்னைப் பார்ப்பதைக் கண்டாள். கண்டதும் என்ன செய்தாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சேற்றுக் கையின் பின்பக்கத்தால் தலைமயிரை ஒதுக்கிவிட்டுச் சிரித்தாள். "எடுக்கிறியா மனே? முகம் விழுதா?" என்று கேட்டாள். பத்து வருடப் பழக்கம். அங்கே என்ன நடந்திருந்தாலும் போனைத் தூக்கினால் சிரிக்க வேண்டும், பிள்ளை பார்க்கிறான். விதை போன வயலுக்குள் நின்றும் அவள் அதைத்தான் செய்தாள். நீ அதற்கு ஒரு பகிடிப் பாட்டைப் போட்டு ஊரெல்லாம் அனுப்பினாய். அன்று பின்னேரமே தேத்தண்ணிக் கடையில் ஒருவன் எனக்குக் காட்டி, "ஒங்கட தங்கச்சி இப்ப நடிகை" என்றான். அவனை நான் தூக்கிக் கூரையில் போட்டேன் என்று எழுத ஆசைதான். நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் அவள் என் வாசலுக்கு வந்து, "அண்ண, நான் திரும்பப் போகப்போறன்" என்றாள். "என்னத்துக்கு? இஞ்ச என்ன இல்ல உனக்கு?" என்று நான் துள்ளினேன். அவள் தென்னை அடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அங்க இருந்தா ஆறு மணிக்கு என்னோட பறைவான். 'சாப்பிட்டியாம்மா' எண்டு கேப்பான். இஞ்ச வந்து மூணு மாசமாச்சி, ஒரு நாள் கேக்கல்ல அண்ண. அதுக்குள்ள இருந்தாத்தான் நான் அவனுக்கு அம்மா." நான் குனிந்து வாசலில் கிடந்த தென்னை மட்டையை எடுத்து ஓரமாக எறிந்தேன். மாமி உள்ளேயிருந்து, "சொல்லுங்களன், ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே" என்றாள். உன் அம்மாவுக்குப் போக இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. பெட்டி கட்டிலுக்குக் கீழே இருந்து வெளியே வந்துவிட்டது. நீ தாண்டித் தாண்டி நடக்கிறாயே அந்தப் பெட்டிதான்.

உன்னால் முடியாது என்று நான் நம்பவில்லை. போன வருடம் உன் சார்ஜரை நெல் மூட்டைக்குள் ஒளித்து வைத்தது நான்தான். மாமியைச் சந்தேகப்பட்டாயே, பாவம். போன் செத்துக் கிடந்த அன்று வேறு வழியில்லாமல் என்னோடு தோணியில் வாவிக்கு வந்தாய். முதல் ஒரு மணி நேரமும் உன் கை சும்மா சும்மா சட்டைப் பைக்குப் போய் வந்தது. பிறகு வலையில் ஒரு நண்டு ஏறி உன் விரலைப் பிடித்துக்கொண்டது. "மாமா! மாமா! கழட்டுங்க!" என்று துள்ளினாய். தோணி ஆடி, நான் பாதி நனைந்து, இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்குகள் பறந்துபோயின. அதற்குப் பிறகு நீ தண்ணீரைப் பார்த்தாய். கரையோரக் கண்ணாச் செடிப் பற்றையைப் பார்த்தாய். திடீரென்று என்னைப் பார்த்து, "அப்பாவும் இந்த இடத்திலதானா வல போட்ட?" என்று கேட்டாய். பத்து வருடத்தில் அவரைப் பற்றி நீ கேட்ட ஒரே கேள்வி. நான் என்ன செய்தேன்? முழங்கை நீளத்தில் நான் பிடித்த இறாலின் கதையைச் சொன்னேன். நீ சிரித்தாய். உன் கேள்வி பதில் இல்லாமலே தோணிக்குள் கிடந்தது. அன்று பின்னேரம் சார்ஜர் கிடைத்துவிட்டது.

ஓம் மகன், அந்த இடத்தில்தான் போட்டார். கண்ணாப் பற்றைக்கு இடப் பக்கம். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து கரையில் இருத்திவிட்டுப் போடுவார். நீ மண்ணைத் தின்னாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உன் அம்மாவுக்கும் நான் இப்படித்தான். அவள் அங்கேயிருந்து கேட்கும்போதெல்லாம், "அவனா? வயலுக்குள்ள இறங்கினா சிங்கம்" என்றேன். வட்டை முழுதும் உன்னைப் பார்த்துத்தான் விதைக்கிறது என்றேன். அவள் அந்தச் சிங்கத்தை நம்பித்தான் தண்ணீர் முறை நாளில் உன்னைக் காவலுக்கு விடச் சம்மதித்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை விதை போன வயலை அவள் திரும்ப விதைக்கிறாள். போகப்போகிறவள் ஏன் விதைக்கிறாய் என்று கேட்டேன். "நிலம் என்ன பிழ செஞ்ச அண்ண?" என்றாள். அன்றைக்கும் போடியாருக்கு முறை இருக்கிறது. நான் போய்க் கேட்டு வந்துவிட்டேன். நீ வா. போனைக் குளத்தில் எறி, துறவி ஆகு என்றெல்லாம் நான் சொல்லவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொள். வக்கடையில் இரு. கசிந்தால் ரெண்டு கை சேறு. கை சேறாக இருந்தால் அந்தக் கண்ணாடியைத் தேய்க்க முடியாது, அவ்வளவுதான் என் வைத்தியம். அவள் சோற்றோடு வந்ததும், முகத்துக்கு நேரே பார்த்து, நீ ஆறு மணிக்குக் கேட்பாயே, அதை மத்தியானத்தில் ஒருமுறை கேள். நான் தூரப் போய் நிற்கிறேன். மாடு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தில் யானை, தலைமை வாத்தியார் எல்லாவற்றையும் ஊர்ச் சனம் வழக்கப்படி கொஞ்சம் கழித்து வாசித்துக்கொள்வார்கள். ஆனால் ஒன்றை நானே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் ஒட்டியது முழுதும் பொய்யாகிவிடும். செங்கலடிக் கடை வாசலில் நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. குடைக் கிழவரும் இல்லை. உனக்குப் போன் வேண்டாம் என்றுதான் உன் அம்மா சொன்னாள், மாமாவின் போனிலேயே பேசுகிறேன் என்றாள். நீ ஒவ்வொரு நாளும் பேசி முடித்துவிட்டு என் பின்னாலேயே வந்து, "அம்மா எப்ப வருவா? அப்பா ஏன் செத்த?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவன் என்று பேர் எடுத்த எனக்கு அந்த இரண்டுக்கும் பதில் இல்லை. போன் வந்த அன்றோடு நீ கேட்பதை விட்டுவிட்டாய். நல்ல பொடியன், கரைச்சலே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீ அடம் பிடித்து வாங்கினாய் என்று அவளிடம் சொன்னதும் நான்தான். அன்றைக்கு அந்தக் கடைக்காரத் தம்பியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "நல்ல பெரிசாப் பாத்துக் குடு தம்பி. பொடியன் என்னட்ட ஒண்டும் கேக்காம இரிக்கணும்."